இணையுலகங்கள் சோதனைக்கு உட்படுமா?

சென்ற ஆண்டு பௌதிகக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது, அதன் மையக் கருத்தினை 'இணையுலகங்கள்' என்று பெயர்த்திருந்தேன். சின்னாட்களில் ஆசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. "அவ்வுலகங்கள் எங்குள்ளன, அங்கே செல்ல இயலுமா என்று மாணவர்கள் வினவுகின்றனர், யாது விடை கூறுவது?" என்று அவர் கேட்டிருந்தார். பிழை மாணவருடையதன்று, நான் தேர்ந்த சொல்லினுடையது. ஆதலின் இவ்விளக்கம்.

பாதி வெள்ளி பூசிய கண்ணாடியின்மேல் ஒளித்துகள் ஒன்று விழுவதாகக் கொள்வோம். 1926-இல் ஷ்ரோடிங்கர் வகுத்த சமன்பாட்டின்படி, ஊடுருவிச் செல்லும் வழியும் திரும்பிச் செல்லும் வழியும் ஒருங்கே நிலவுகின்றன. எனினும், இரு வழிகளிலும் வைத்த கருவிகளுள் ஒன்றே துகளைப் பதிவு செய்கிறது. அளக்கும் கணத்தில் மற்றை வழி மறைந்துவிடுகிறது என்பது பாடநூல் விளக்கம். அம்மறைவோ சமன்பாட்டில் இல்லை; புறத்தேயிருந்து சேர்த்த விதியாகும்.

ஹியூ எவரெட் என்பார் 1957-இல் அவ்விதியை நீக்கினார். இரு விளைவுகளும் நிகழ்கின்றன. கருவியும் காண்போனும் அவற்றோடு இரு கிளைகளாகப் பிரிகின்றனர் என்பது அவர் கொள்கை. தம் கட்டுரைக்கு அவர் இட்ட பெயர் 'சார்பு நிலை' என்பதே. 'பல உலகங்கள்' என்னும் பெயரைப் பிற்காலத்தில் பரப்பியவர் பிரைஸ் டிவிட்.

மற்றைக் கிளையை எவரும் காண இயலாதெனின் இது விஞ்ஞானமாகுமா என்று சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. ஆயினும் என் கருத்து வேறு. இக்கொள்கை தன்னை ஓர் ஆபத்துக்கு உட்படுத்திக்கொள்கிறது. எத்துணைப் பெரிய பொருளுக்கும் அச்சமன்பாடு விலக்கின்றிப் பொருந்தும் என்பதே அதன் அடித்தளம். பெரும் பொருள்களில் ஒரு வழி தானே அழியும் என்னும் மாற்றுக் கொள்கையை கிரார்டி, ரிமினி, வெபர் ஆகிய மூவரும் 1986-இல் வெளியிட்டனர். அத்தகைய அழிவு மெய்ப்பிக்கப்படின் எவரெட்டின் கொள்கை வீழும்.

சோதனைகள் நடந்துவருகின்றன. வியன்னா ஆராய்ச்சியாளர் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளும் இரு வழிகளின் கலப்பினைக் காட்டின. இவ்வழிவுக்குப் புவியீர்ப்பே காரணமாயின் மெல்லிய கதிர்வீச்சு எழவேண்டும் என்பது ஒரு கணிப்பு. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் அதனைத் தேடினர், கிடைக்கவில்லை. அக்கருத்தின் மிக எளிய வடிவம் பொருந்தாதென 2020-இல் அறிவிக்கப்பட்டது.

இவற்றால் எவரெட் வென்றார் எனக் கொள்ளலாகாது. 1952-இல் டேவிட் போம் அளித்த விளக்கம் கிளைகளை ஏற்பதில்லை. எனினும் இதே விளைவுகளையே கூறுகிறது. காண்போனாக அமையும் ஓர் அறிவுள்ள இயந்திரத்தின் அளவீட்டையே பின்னோக்கித் திருப்பிச் சோதிக்கலாம் என்று டேவிட் டாய்ச் 1985-இல் ஒரு முறை கூறினார். அத்தகைய இயந்திரம் இன்றும் இல்லை. சுருங்கக் கூறின், இக்கொள்கை பொய்ப்பிக்கப்படக்கூடியது. மெய்யென நிறுவுதல் இன்று இயலாதது.

அவ்வாசிரியருக்கு நான் எழுதிய விடையும் இதுவே. "அவ்வுலகம் எங்கே?" என்று கேட்கும் மாணவனை, "எதனைக் கண்டால் இக்கொள்கையைக் கைவிடுவோம்?" என்று கேட்கப் பழக்குக. கிராமத்து விஞ்ஞானக் கண்காட்சியில் இவ்வினாவை எதிர்கொள்ளும் களப்பணியாளருக்கும் அவ்வழியே தக்கது. நானும் இனி 'உலகங்கள்' என எழுதாது 'கிளைகள்' என்றே எழுதுவேன்.