அடுப்பெரிக்கவும் தயவு கேட்க வேண்டுமா?

அரிசி இருந்தால் மட்டும் சோறாகிவிடாது, அடுப்பும் எரிய வேண்டும். அகதிகளுக்கு நிதி ஒதுக்கும் நாடுகள் எளிதில் மறக்கும் உண்மை இது.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் இதற்குச் சாட்சி. 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவம் தொடங்கிய கொலைவெறிக்குத் தப்பி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் உக்கியா, டெக்னாஃப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். அரிசியும் பருப்பும் தந்தார்கள். விறகுக்கு? பெண்களும் சிறுவர்களும் காட்டுக்குப் போனார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 டன் விறகு எரிந்ததாக மதிப்பிடப்பட்டது. போகும் வழியெல்லாம் பாலியல் வன்முறை அச்சம், திரும்பினால் மூங்கில் குடிசைக்குள் புகை. அதே காட்டை நம்பியிருந்த உள்ளூர் ஏழைகளோ விறகை இழந்தார்கள், கூலியும் சரிந்தது. ஏழைக்கும் ஏழைக்கும் பகை மூண்டது.

2018 முதல் ஐ.நா. அமைப்புகள் முகாம்களில் எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் வழங்கின. உள்ளூர்க் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கும் கொடுத்தன. விறகு வெட்டுவது வெகுவாகக் குறைந்தது. மொட்டையடிக்கப்பட்ட குன்றுகளில் மரங்கள் மீண்டும் நடப்பட்டன.

ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் நிரப்ப வேண்டும். அதற்கான பணம் ஆண்டுதோறும் நன்கொடை நாடுகளின் மனநிலையைப் பொறுத்தே வருகிறது. 2025ஆம் ஆண்டுக்கு ரோஹிங்கியாக்கள், உள்ளூர் மக்கள் என 14.8 லட்சம் பேருக்காக ஐ.நா. 93.45 கோடி டாலர் கேட்டது. அதே ஆண்டில்தான் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை வெட்டிச் சாய்த்தது.

“உழைத்து வாங்கிக்கொள்ளட்டுமே” என்பவர்கள் உண்டு. அகதிகள் முறைப்படி வேலைக்குப் போக வங்கதேசம் அனுமதிப்பதில்லை. மியான்மரோ 1982 குடியுரிமைச் சட்டத்தின் மூலம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கிவைப்பது என்னவென்று சாதியின் கொடுமையை அறிந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியபோது யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை, பொதுச் சொத்தில் சம உரிமையை நிலைநாட்டினார். எரிபொருளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எனவே அடுப்புக்கும் விளக்குக்கும் பல ஆண்டுகளுக்கான உறுதியான நிதி வேண்டும். அதில் உள்ளூர் ஏழைகளுக்கும் பங்கு வேண்டும். அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமை வேண்டும். இவற்றை மறுத்தால் அந்தச் சுமை மறுபடியும் பெண்களின் தலையில்தான் விறகுக்கட்டாக ஏறும்.