வாட்ஸ்அப் எண்ணில் விற்கும் வைத்தியம்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

புரோஸ்டேட் சுரப்பிக் கோளாறைக் குணப்படுத்துவதாக யாரும் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம். அதன் அட்டவணையில் சர்க்கரை நோய், புற்றுநோயோடு இதுவும் இருக்கிறது. ஆனாலும் காலை வேளை டி.வி.யில் ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ‘ஆபரேஷன் வேண்டாம், பக்கவிளைவு இல்லை, ஒரு மண்டலம் போதும்’ என்று கூவிக்கொண்டுதான் இருக்கிறார். கீழே வாட்ஸ்அப் எண் ஓடுகிறது.

இந்தக் கோளாறால் ராத்திரி நாலு முறை எழுந்து, போய் நின்றால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து, படுத்ததும் மறுபடி முட்டுகிற அவஸ்தையை வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லாத மனிதர்தான் அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார். நீர் அடைத்து, அடிவயிறு கல்லாகி, ஜி.எச்.சில் டியூப் போடும் நாள்வரை பார்சல் வந்துகொண்டே இருக்கும்.

மருந்துக் கடையில் இதற்கே விற்கும் இன்னொரு சரக்கு, சா பால்மெட்டோ. புளோரிடா பக்கம் விளையும் குட்டைப் பனையின் பழத்திலிருந்து எடுப்பது. அமெரிக்காவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் 225 பேர். ஓராண்டு கழித்தும் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. டோஸ் போதவில்லையோ என்று இன்னொரு ஆய்வில் 369 பேரிடம் மூன்று மடங்கு வரை ஏற்றினார்கள். 2011-இல் வந்த முடிவும் அதேதான்.

சித்த மருத்துவத்தை நான் வம்புக்கு இழுக்கவில்லை. நாடி பார்த்து நெருஞ்சில் குடிநீர் கொடுப்பது வேறு, டி.வி. பார்த்து வரவழைப்பது வேறு.

ஆங்கில மருந்துக்கும் வக்காலத்து வாங்கவில்லை. இதற்கு டாக்டர் எழுதும் டாம்சுலோசின் தசையைத் தளர்த்தி நீருக்கு வழிவிடும். சில நாளிலேயே பலன் தெரியும், ஆனால் சுரப்பி சுருங்காது. எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை அறுவையின்போது கண்பாவையைச் சுற்றிய திரை தொய்ந்து சிக்கலாகலாம். பினாஸ்டிரைடு சுரப்பியைச் சுருக்கும், ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையும். புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவையும் ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் புற்றுநோய் கண்ணில் படாமல் போகலாம். இவையெல்லாம் எழுதிவைக்கப்பட்ட குறைகள். சீட்டு எழுதிய டாக்டரைக் கேட்கலாம். வாட்ஸ்அப் எண்ணிடம் யார் போய்க் கேட்பது?

மருந்துக் கட்டுப்பாடு, உணவுப் பாதுகாப்பு, இந்திய மருத்துவம் மூன்றும் உங்கள் துறைக்குள்தான் வருகின்றன. மூலிகை என்றால் ஓர் அலுவலகம், ‘உணவு’ என்று லேபிள் ஒட்டினால் இன்னொன்று. விற்கிறவர் நழுவும் சந்து அதுதான். புகாரை ஒரே இடத்தில் வாங்கி, சட்டப்படி வழக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம் தாத்தா இந்தச் சங்கடத்தைச் சொல்லமாட்டார். அவ்வப்போது ஆண் சுகாதார ஆய்வாளர் ஒருவர் போய்க் கேட்கட்டும். கண்புரை அறுவையில் சிக்கல் வராமலிருக்க, இலவசக் கண் முகாம்களிலும் ‘நீர் சரியாகப் போக மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்க்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திரிகையாளன்