இந்தப் பந்து சோறு போடுமா?

சென்ற மாதம் ஒரு மாலை, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் நம்மைக் காண வந்திருந்தார். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்தவர். விரல்களில் தேயிலைக் கறை போகவில்லை. "சாமி, மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். கூடைப்பந்தே கதியென்று கிடக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டுக்காக இடம் தருகிறோம், சம்பளம் வேண்டாம், விடுதியும் இலவசம் என்கிறார்கள். அவள் அப்பாவோ திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு அனுப்பலாம் என்கிறார். நீங்களே சொல்லுங்கள். இந்தப் பந்து சோறு போடுமா?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பங்கில் இருந்தபோது, கூடைப்பந்தில் கெட்டிக்காரனான இளைஞன் ஒருவனை ஆண்டு விழா மேடையில் நிறுத்தி, 'இவன் ஒருநாள் இந்தியாவுக்கு ஆடுவான்' என்று முழங்கினோம். ஊரே கைதட்டியது. அவன் கல்லூரி அணிக்கு ஆடினான். மாநில அணித் தேர்வில் கடைசிச் சுற்றில் கழிக்கப்பட்டான். ஊர் திரும்பியவன் கோவில் வளாகத்து ஆடுகளத்தின் பக்கமே தலைகாட்டவில்லை. நாம் நல்லெண்ணத்தோடு சொன்ன சொல் அவன் தலையில் பாரமாகி விட்டது. ஆகவே இம்முறை எண்ணிப் பார்த்துப் பேச விரும்பினோம். எண்ணியவற்றை வாசகர் முன்னும் வைக்கிறோம்.

கூடைப்பந்து குளிருக்குப் பிறந்த விளையாட்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், வெளியே பனி பெய்து இளைஞர்கள் உள்ளே அடைபட்டுக் கிடந்தபோது, ஜேம்ஸ் நாய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி இதனைத் தொடங்கினார். அவர் பணியாற்றியது கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில். அதே சங்கத்தைச் சேர்ந்த ஹாரி பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியொன்றை நிறுவினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் இதுபோன்ற ஆட்டங்களைப் பள்ளிதோறும் கொண்டு சென்றனர். மழையும் மூடுபனியும் நம்மை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் இம்மலை மக்களுக்கு, நாய்ஸ்மித்தின் மாணவர் பட்ட பாடு எளிதில் விளங்கும்.

ஓர் அணிக்கு ஐவர். வளையத்தின் கீழே நிற்பவர்கள் பெரும்பாலும் நெட்டையர். ஆனால் பந்தைத் தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை தட்டிச் சென்று, யார் எங்கே நிற்கிறார் என்று கண்டு, உரிய வேளையில் உரியவர் கையில் சேர்ப்பவரைக் 'கார்டு' என்பார்கள். அவர் பொதுவாக அணியில் குட்டையானவர். பந்து விழும்போது கைதட்டல் எறிந்தவருக்குப் போகிறது. கொண்டு வந்து கொடுத்தவரைக் கவனித்துப் பார்க்கிறவர்கள் மட்டுமே அறிவார்கள். நமது தாயின் மகளும் கார்டு ஆட்டக்காரிதான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கழகமாகிய என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்குப் பதினைந்து பேர் வீதம் ஏறத்தாழ 450 இடங்கள். அங்கே முதல் பிரிவில் ஆடும் கல்லூரி அணிகள் மட்டும் 350க்கு மேல். ஆண்டுத் தேர்வில் அழைக்கப்படும் பெயர்களோ அறுபதுக்குள். எஞ்சியவர்களில் திறமுள்ள சிலர் 2001இல் தொடங்கிய, இன்று 'ஜி லீக்' எனப்படும் இரண்டாம் நிலைக் கழகத்தில் ஆடுகிறார்கள். பெரிய கழகத்தில் மிகக் குறைந்த ஊதியமே பத்து இலட்சம் டாலரைத் தாண்டுகிறது. இங்கோ அண்மை ஆண்டுகளில் ஒரு பருவத்துக்குச் சுமார் 40,000 டாலர். மேலே ஏறும் படி ஒன்று. அதில் நிற்க இடம் சிலருக்கே.

நம் நாட்டவரும் அப்படியை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரைச் சேர்ந்த, ஏழடி இரண்டங்குல உயரமுள்ள சத்னாம் சிங் 2015இல் டல்லாஸ் அணியால் 52ஆவது பெயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அத்தேர்வில் இடம்பெற்ற முதல்வர் அவரே. ஆயினும் டெக்சாசின் இரண்டாம் நிலை அணியிலேயே ஆடினார். பெரிய கழகத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. வாரணாசியில் பிறந்த விசேஷ் பிருகுவன்ஷி, நாம் சொல்லும் கார்டு வகையினர்; இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே அவர் நிலைக்கவில்லை. ஆனால் நாட்டுக்கும், தாம் பணியாற்றிய எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் அணிக்கும் தொடர்ந்து ஆடி, 2020ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். இவர்களைத் தோற்றவர்கள் என்று யார் சொல்லக்கூடும்?

நமக்கு இன்னும் அருகில் ஒரு வாழ்க்கை உண்டு. சென்னையில் 1985இல் பிறந்த அனிதா பால்துரை பதினோரு வயதளவில் பந்தைக் கையில் எடுத்தார். 2003இல் தென்னக இரயில்வேயில் வேலை கிடைத்தது. பத்தொன்பதாம் வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவியானார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்கு ஆடினார். ஆசியப் போட்டித்தொடர்களில் தொடர்ந்து ஒன்பது முறை களமிறங்கினார். தாயான பின்னரும் ஆடுகளம் திரும்பினார். 2017இல் பெங்களூரில், ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் கசகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளியில் வென்று இந்தியா முதற்பிரிவுக்கு உயர்ந்தபோது அவரும் அணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. இத்தனைக்கும் கிரிக்கெட் வீரரை அறிந்த நம் வீடுகளில் எத்தனை பேர் இவர் பெயரை அறிவர்? கோடிகள் கொடுக்கும் கழகம் எதுவும் இவருக்கு வாய்க்கவில்லை. மாதச் சம்பளமும், விடியற்காலைப் பயிற்சியும், ஒரு நீல நிறச் சட்டையுமே வாய்த்தன. அவற்றைக் கொண்டு அவர் ஒரு முழு வாழ்க்கையைக் கட்டினார்.

நம் நாட்டில் பந்து சோறு போடுவது இவ்வழியில்தான். பள்ளி அணி, பிறகு கல்லூரியில் இலவச இடம், கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெரியகுளத்துக் கோடைப் போட்டி போன்ற இடங்களில் பெரியோர் கண்ணில் படுவது, பின்னர் இரயில்வே, வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை என்று ஏதேனும் ஓர் அலுவலகம். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்க்கென 3 விழுக்காடு இடம் உண்டு. வாசல் குறுகியதே, ஆயினும் திறந்திருக்கிறது.

அத்தாயிடம் நாம் மூன்று காரியங்கள் சொன்னோம். முதலாவது, பட்டப்படிப்பை ஒரு நாளும் பந்துக்கு அடகு வைக்கக் கூடாது. தேர்வு நாளில் போட்டி வந்தால் கல்லூரி என்ன செய்யும் என்று இப்போதே கேட்க வேண்டும். இரண்டாவது, முழங்கால் முறிந்தால் என்ன ஆகும்? மருத்துவச் செலவை யார் ஏற்பார், இலவச இடம் நீடிக்குமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச் சொல்லை நம்பி மலையிறங்கக் கூடாது. மூன்றாவது, ஊரும் உறவும், குருவானவரும் உட்பட, அவளை 'நாளைய நட்சத்திரம்' என்று அழைக்காதிருக்க வேண்டும். நன்றாக ஆடினாயா, நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

மூன்றாவதைச் சொல்லும்போது நமக்கே நா தழுதழுத்தது. மேடையில் நாம் நிறுத்திய அந்த இளைஞனைப் பற்றி இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஒரு செய்தி கேட்டோம். அவன் காவல்துறையில் பணியாற்றுகிறான்; வேலை கிடைத்தது விளையாட்டு ஒதுக்கீட்டிலேயாம். பந்து அவனுக்குச் சோறு போட்டிருக்கிறது. தோற்றுவிட்டதாக அவன் எண்ணியதும், அப்படி எண்ணும்படி நாம் செய்ததுமே அவன் இழந்த பல ஆண்டுகள். அவனைத் தேடிச் சென்று அதைச் சொல்ல வேண்டிய கடன் நமக்கு இன்னும் இருக்கிறது.

மறுவாரம் அத்தாய் மீண்டும் வந்தார். இம்முறை கணவரும் உடன் வந்திருந்தார். கல்லூரி அனுப்பிய கடிதத்தை நம்மிடம் நீட்டி, "காலில் அடிபட்டால் என்ன என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது, சாமி?" என்று அவரே கேட்டார். மூவரும் விளக்கடியில் அமர்ந்து, வரி வரியாகப் படிக்கத் தொடங்கினோம்.