வேலை உரிமையும் நிதி வரம்பும்: ஊரக வேலை உறுதிச் சட்டங்கள் குறித்த நிலைப்பாடு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அது அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. வழிகாட்டு நெறி என்பதால் அதைக் காட்டி எவரும் நீதிமன்றத்தில் வேலை கேட்க முடியாது.

1959இல் வந்த வேலைவாய்ப்பு அலுவலகங்கள் சட்டமும் வேலை தரவில்லை. அரசுத் துறை நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிவிக்காவிட்டால் முதல் முறை அபராதம் 500 ரூபாய் வரைதான் இருந்தது. அந்த அலுவலகத்தில் செய்த பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயது ஏறிப்போனவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு.

திருப்பம் மகாராஷ்டிரத்தில் நேர்ந்தது. 1972 வறட்சியில் விரிவாக நடந்த நிவாரணப் பணிகளின் அனுபவம், 1977இல் வேலை உறுதிச் சட்டமாக உருப்பெற்றது. நகரத்தில் சம்பளம் வாங்குவோரின் தொழில் வரி, கிராமத்துக் கூலிக்குப் போனது.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் இதை நாடு முழுமைக்கும் எடுத்துச் சென்றது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008இல் ஊரகப் பகுதி முழுவதும் பரவியது. 2009இல் காந்தியின் பெயர் சேர்ந்தது. மக்கள் வாயில் அது நூறு நாள் வேலை. எனினும் சட்டத்தின் பலம் அந்த நூறில் இல்லை, தேதியிட்ட ரசீதில் இருந்தது. வேலை கேட்டு மனு கொடுத்தவருக்கு ரசீது தர வேண்டும். அதிலிருந்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், முதல் 30 நாட்களுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கும் பிறகு அரைப் பங்கும் வேலையின்மைப் படியாக மாநில அரசு கொடுக்க வேண்டும். உடலுழைப்புக் கூலியை முழுவதும் மத்திய அரசு ஏற்றதால், வேலை தருவதே மாநிலத்துக்கு லாபம். கூர்மையாக யோசித்து எழுதிய பிரிவு இது. நடைமுறையில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீதை மறுப்பதே இதை முறியடிக்கும் எளிய வழியானது. கூலித் தாமதமோ உச்ச நீதிமன்றம் வரை போனது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுச் சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்துகிறது. கூடவே, மாநிலவாரியாக நிதி ஒதுக்கீட்டை மத்திய அரசே முடிவு செய்கிறது. அதை மீறும் செலவு மாநிலத்தின் தலையில் விழுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள் வரை பணிகளை நிறுத்திவைக்கலாம்.

கூடுதல் நாட்களை எங்கள் அமைப்பு வரவேற்கிறது. ஆனால் கேட்டவருக்கு வேலை என்பது போய், ஒதுக்கிய பணம் உள்ளவரை வேலை என்றானால், அதை உறுதிச் சட்டம் என்று அழைக்க முடியாது. விவசாய வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புகாரில் உண்மை இருக்கலாம். அதற்காகப் பணிகளை நிறுத்தி, நிலமற்றவரின் பேரம்பேசும் பலத்தைப் பறிப்பது தீர்வாகாது.

ஆகவே எங்கள் அமைப்பு கோருவது: நிதி வரம்பு நீக்கப்பட வேண்டும், கூலிச் செலவை மத்திய அரசு முழுவதும் ஏற்க வேண்டும், பணி நிறுத்தக் காலத்தை அந்தந்தக் கிராம சபை முடிவு செய்ய வேண்டும், மனுவுக்கு ரசீது மறுக்கும் அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.