கோழிக் கலருக்கும் கணக்கு உண்டு!

"ஏன்டா, டிப்ளமோ படிச்சிட்டு கோழியா மேய்க்கப் போறே?" என்று வகுப்பில் என்னைக் கேலி செய்கிறார்கள். ஆமாம் நண்பர்களே! என் பரீட்சை ஃபீஸில் பாதி அம்மா வளர்க்கும் கோழியில் வந்ததுதான். அதுவும் கலர் பார்த்து வளர்க்கும் கோழி. இதை வேலையத்தவன் பொழுதுபோக்கு என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் சேவலைக் காகம், கீரி, வல்லூறு, மயில் என்று இறகு நிறத்தை வைத்தே பிரித்தார்கள். அது கண்ணால் படித்த பாடம். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் இங்கிலாந்தின் பேட்சன் காட்டியதும் கோழியை வைத்துத்தான்.

ஸ்பெயின் நாட்டு ஆண்டலூசியன் கோழியை எடுத்துக்கொள்வோம். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் நீலமாக வருமா? வராது. சராசரியாக 4-இல் 1 கறுப்பு, 2 நீலம், 1 திட்டு விழுந்த வெள்ளை. கறுப்பை மங்க வைக்கும் மரபணு ஒரு பங்கு இருந்தால் நீலம். இரண்டு பங்கு இருந்தால் வெள்ளை. அவ்வளவுதான் விஷயம்!

இது தெரியாமல் "ஒரிஜினல் இல்லே, ஏமாத்திட்டான்" என்று விற்றவனோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கறுப்பையும் வெள்ளையையும் கழித்துக் குழம்பு வைக்கிறவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கழித்த அந்த இரண்டையும் ஜோடி சேர்த்தால் பொரிக்கிற அத்தனையும் நீலம்! எதையும் கழிவு என்று அவசரப்பட்டுத் தள்ளக்கூடாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கலர் வெறும் அழகுக்கும் இல்லை. வரி இறகுப் பெட்டையைக் கறுப்புச் சேவலோடு சேர்த்தால் சேவல் குஞ்சுக்கு மட்டுமே வரி வரும். பொரித்த அன்றே அதன் தலையில் வெள்ளைப் பொட்டு தெரியும். சேவல் எது, பெட்டை எது என்று அன்றைக்கே பிரித்துவிடலாம்.

ஆனால் ஒன்று. கலர் ஆசையில் அண்ணன் தங்கை, தாய் மகன் என்று ஒரே கூட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். அப்புறம் கலர் மட்டும் இருந்து என்ன பயன்? அவ்வப்போது வெளியிலிருந்து நல்ல சேவல் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் கோழி வைத்திருக்கும் தோழர்களே, தோழியரே! லேப் ரெக்கார்டு எழுதுகிற கையால் கோழிக்கும் ஒரு ரெக்கார்டு எழுதுங்கள். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எத்தனை முட்டை, என்ன கலர் குஞ்சு என்று குறித்து வையுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும். படித்த படிப்பு வீட்டுக் கொல்லையிலும் உதவட்டுமே!