பேரம் பேச எத்தனையாவது லெவல் வேண்டும்?

'மவுண்ட் அண்டு பிளேடு 2: பேனர்லார்டு' கணினி விளையாட்டு நடக்கும் கற்பனைக் கண்டத்தின் பெயர் கால்ராடியா. அங்கே பணத்தால் ஆகாதது அதிகமில்லை. பணம் கொடுத்துச் சமாதானம் பேசலாம், திருமணம் முடிக்கலாம். தன் அரசன்மேல் மனக்கசப்பில் இருக்கும் ஒரு பிரபுவைப் பேசி இணங்கவைத்து, உரிய தொகையைக் கொடுத்து, அவருடைய கோட்டைகளோடு சேர்த்துத் தன் அரசின் பக்கம் இழுத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அதே பிரபுவிடம் போய், "இந்த ஒரு கோட்டையை மட்டும் எனக்கு விலைக்குக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. அதைக் கேட்பதற்கு விளையாடுபவரின் வணிகத் திறன் 300ஆவது நிலையைத் தொட்டிருக்க வேண்டும். 'எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு' என்ற சலுகை அப்போதுதான் திறக்கும்.

துருக்கியின் அங்காரா நகரில் இயங்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு இது. 2020இல் முன்னோட்ட வடிவிலும் 2022இல் முழு வடிவிலும் வெளியானது. இதில் வணிகத் திறனை வளர்க்கும் முக்கியமான வழி, ஓரூரில் மலிவாக வாங்கிய சரக்கை வேறூரில் லாபத்துக்கு விற்பது. தானியம், உப்பு, இரும்பு என்று மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிய வேண்டும். பாத்திரங்கள் மூப்படைந்து இறந்தும் போகும் உலகம் இது. 300ஐத் தொடுவதற்குள் ஆட்டத்தில் ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் வாளேந்திய ஆட்டக்காரர் நாலைந்து நகரங்களையாவது முற்றுகையிட்டுப் பிடித்திருப்பார். கோட்டையை விலைக்கு வாங்கும் உரிமை, கோட்டைக்கு ஏங்கிய காலமெல்லாம் முடிந்த பிறகு கைக்கு வருகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

கால்ராடியா எந்த ஐரோப்பாவைப் பார்த்து வரையப்பட்டதோ, அந்த ஐரோப்பாவில் நிலமும் நகரமும் எப்படிக் கைமாறின என்று பார்த்தால் இந்தப் பூட்டு இன்னும் விசித்திரமாகத் தெரியும். 1348இல் நேப்பிள்ஸ் ராணி முதலாம் ஜோவன்னா, அவிஞ்ஞோன் நகரத்தைப் போப் ஆறாம் கிளெமென்ட்டுக்கு 80,000 ஃப்ளோரின் பொன்னுக்கு விற்றார். ஹங்கேரி மன்னரின் படையெடுப்பால் நாட்டைவிட்டு ஓடிவந்திருந்த அவருக்கு அரியணையை மீட்கப் பணம் வேண்டியிருந்தது. போப்புக்கோ, தான் குடியிருந்த நகரமே தன்னுடையதாக வேண்டியிருந்தது. அந்த விற்பனை நடந்தது, இருவரில் யாரும் தேர்ந்த வணிகராக இருந்ததால் அல்ல. ஒருவருக்கு அவசரம், மற்றவருக்கு வசதி, விலை படிந்தது.

ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் வாள்வீச்சு, மந்திரம், பூட்டு உடைத்தல் போலவே வணிகமும் ஒரு திறனாக எண்ணால் அளக்கப்படுகிறது. எண் கூடக் கூடத் திறமை கூட வேண்டும், அதில் பிழையில்லை. வாள்திறன் குறைந்தவரும் வாளை ஓங்கத்தான் செய்கிறார், அடி மட்டும் பலமாக விழுவதில்லை. வணிகத்துக்கு மட்டும் பல விளையாட்டுகள் வேறு சட்டம் வைத்திருக்கின்றன. திறன் குறைந்தவர் நஷ்டத்துக்குக்கூட விற்க முடியாது. அந்த வேலையைச் செய்யும் பொத்தானே அவருக்கு இல்லை. ஒருவர் எவ்வளவு நன்றாக வியாபாரம் செய்கிறார் என்பதைத் திறன் தீர்மானிக்கட்டும். வியாபாரம் செய்யலாமா என்பதையே அது தீர்மானிப்பது வடிவமைப்பின் குறை.

இந்தக் குறை எப்படி வளர்ந்தது என்பதைப் பெதஸ்டா நிறுவனத்தின் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் படிப்படியாகக் காணலாம். 2002இல் வந்த 'மோரோவிண்ட்' விளையாட்டில் வணிகத் திறன் விலையை மட்டுமே பாதித்தது. கடைக்காரர் சொன்ன விலையைக் கூட்டியோ குறைத்தோ கேட்கலாம். அவர் ஒப்புக்கொள்வார் அல்லது மறுப்பார். முதல் நாளே பேரம் பேசலாம். அந்த விளையாட்டிலும் ஓட்டைகள் இருந்தன. கால்டேரா ஊரில் 5,000 பொன்னோடு உட்கார்ந்திருந்த க்ரீப்பர் என்ற குட்டிப் பிசாசு எந்தப் பொருளையும் அடிப்படை விலைக்கே வாங்கிக்கொண்டது. திறமையே இல்லாதவரும் அதனிடம் முழு விலை பெறலாம் என்பதால் ஆட்டக்காரர்கள் கொள்ளையடித்த கவசங்களை எல்லாம் அங்கே கொண்டுபோய்க் குவித்தார்கள்.

2006இல் வந்த 'ஆப்லிவியன்' பேரத்தை வைத்துக்கொண்டு பூட்டுகளையும் சேர்த்தது. எந்தப் பொருளையும் எந்தக் கடையிலும் விற்பதற்குத் திறன் 50ஐ எட்ட வேண்டும். கடையில் முதலீடு செய்ய 75. நூறைத் தொட்டால் எல்லாக் கடைக்காரர்களிடமும் கூடுதலாக 500 பொன் இருக்கும்.

2011இல் 'ஸ்கைரிம்' வந்தபோது பேரம் மறைந்தது, பூட்டுகள் தங்கிவிட்டன. வணிகம் 'பேச்சு' என்ற திறனுக்குள் அடங்கியது. பேச்சுத்திறன் 50 ஆனால்தான் கொல்லரிடம் மூலிகை மருந்தை விற்கலாம். கடைக்காரரிடம் 500 பொன் முதலீடு செய்ய 70 வேண்டும். அப்படி முதலீடு செய்த கடையில் திருட்டுப் பொருளைத் தள்ளிவிட 90. நூறாவது நிலையில் கிடைக்கும் 'தலைசிறந்த வணிகர்' சலுகை, உலகத்தின் எல்லா வணிகர்களிடமும் 1,000 பொன்னைக் கூட்டுகிறது. நிலையை எட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு சலுகைக்கும் வாள்வீச்சுக்கோ மந்திரத்துக்கோ போயிருக்கக்கூடிய ஒரு புள்ளியையும் செலவழிக்க வேண்டும்.

இவற்றில் பேச்சுத்திறன் 70இல் உள்ள முதலீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு சாகச வீரர் நலிந்த கடை ஒன்றுக்குப் பணம் கொடுத்து, அது தழைத்தபின் அங்கேயே தன் சரக்கை விற்பது அருமையான கற்பனை. ஊரோடு ஓர் உறவு, கடைக்காரரோடு ஒரு நன்றி, எதிர்காலத்தைக் குறித்த ஒரு கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. கையில் மொத்தமே 600 பொன் இருக்கும்போது அதில் 500ஐ ஒருவரை நம்பிக் கொடுப்பது உண்மையான முடிவு. வீடுகளும் குதிரைகளும் வாங்கிய பின்னும் பல்லாயிரம் பொன் மிஞ்சியிருக்கும் கட்டத்தில் அதே 500 வெறும் எண். வணிகம் சுவையாக இருக்கும் காலம் வறுமைக் காலம்தான்; அந்தக் காலத்தில் பூட்டிவைத்துச் செல்வம் வந்தபின் திறந்துவிடுகிறது ஸ்கைரிம்.

பூட்டு ஏமாற்று வேலைக்கும் வழிவகுக்கிறது. ரிஃப்டன் நகரத்து மது வடிப்பகத்தில் உங்ரியன் என்பவர் வேலை செய்கிறார். முதலாளியம்மா மேவனைப் பற்றி அவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு இணங்கவைத்தால், ஒவ்வொரு முறையும் பேச்சுத்திறன் ஏறும். நிரலில் நேர்ந்த பிழை இது. ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே நூறாவது நிலைக்குப் போனவர்கள் ஏராளம். ஒரு மூட்டை கோதுமையைக்கூட லாபத்துக்கு விற்காத ஒருவரை அந்த விளையாட்டு தலைசிறந்த வணிகராக ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் பூட்டு அளந்தது வணிகத்தை அல்ல, சலிப்பைத் தாங்கும் பொறுமையை.

அதே ஸ்கைரிமில் சரியான வழியும் இருக்கிறது என்பதுதான் ஆதங்கத்தைக் கூட்டுகிறது. திருடர் சங்கத்தில் சேர்ந்தால், ரிஃப்டன் நிலவறையில் இருக்கும் டொனிலியா திருட்டுப் பொருளை முதல் நாளிலிருந்தே வாங்கிக்கொள்வார். சங்கத்துக்காக வேலை முடிக்க முடிக்க மற்ற நகரங்களிலும் வாங்குபவர்கள் கிடைப்பார்கள், அவர்கள் கையில் புழங்கும் பணமும் கூடும். யாரை அறிவோம், யார் நம்மை நம்புகிறார்கள் என்பதே அங்கே சாவி. திருட்டுப் பொருளை விற்க ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்பது எவருக்கும் புரியும் நியாயம். பேச்சுத்திறன் 90 என்பதில் அப்படி ஒரு நியாயத்தைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

வடிவமைப்பாளர்களின் அச்சத்தைப் புறக்கணிக்கவும் முடியாது. கட்டற்ற சந்தை ஒரு விளையாட்டையே விழுங்கிவிடும் என்பதற்கு 'டயாப்லோ 3' சாட்சி. 2012இல் வெளியான அந்த விளையாட்டில் பொன்னுக்கு ஓர் ஏலச் சந்தையும் உண்மையான பணத்துக்கு ஓர் ஏலச் சந்தையும் இருந்தன. அரக்கர்களைக் கொன்று ஆயுதம் தேடுவதுதான் ஆட்டமே. சந்தையில் அதைவிடச் சிறந்த ஆயுதம் சில நொடிகளில் கிடைத்ததால் அரக்கர்களோடு மோத வேண்டிய காரணமே தேய்ந்தது. 2014 மார்ச் 18 அன்று அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் இரண்டு சந்தைகளையும் மூடியது. ஆனால் அவர்கள் தேர்ந்த தீர்வு, வணிகத்தை உயர்ந்த திறன் நிலைக்குப் பின்னால் ஒளிப்பதாக இருக்கவில்லை. அரக்கர்களிடமிருந்து விழும் பொருள்களின் தரத்தைத் திருத்தினார்கள். அரிய பொருள்களைக் குறுகிய நேரத்துக்கு உடன் விளையாடியவர்களோடு மட்டும் மாற்றிக்கொள்ள விட்டார்கள். நோய் எங்கே இருந்ததோ அங்கேயே மருந்து போட்டார்கள்.

எதிர்த்திசையில் போன அனுபவமும் உண்டு. பிரிட்டனின் ஜாகெக்ஸ் நிறுவனம், திருட்டுக் கடன் அட்டைகளோடும் விளையாட்டுப் பொன்னை வெளியே விற்கும் கூட்டங்களோடும் போராடிச் சலித்து, 2008 ஜனவரியில் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் வீரர்களுக்கு இடையிலான சுதந்திர வணிகத்தை நிறுத்தியது. ஏறக்குறைய சம மதிப்புள்ள பொருள்களை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. நண்பருக்கு ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுப்பதுகூடத் தடைபட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தபோது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. பத்தில் ஒன்பது பேர் பழைய வணிகம் திரும்ப வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரி 1 அன்று அது திரும்பியது.

மோசடியைத் தடுக்கப் புதிய கணக்குகளுக்கு வேலி போடுவது வேறு விஷயம். 'ஃபைனல் ஃபேன்டஸி 14' விளையாட்டை இலவசமாக ஆடுபவர்கள் பொதுச்சந்தையில் விற்க முடியாது. 'கில்' என்ற அதன் நாணயத்தில் 3,00,000க்கு மேல் சேர்க்கவும் முடியாது. இது காவல் ஏற்பாடு என்று வெளிப்படையாகவே தெரிகிறது. பாத்திரத்தின் திறமை என்ற வேடம் அதற்கு இல்லாததால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

பூட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் வேறு. வணிகராக விளையாட விரும்புபவருக்குப் போர்வீரரிடம் இல்லாத ஏதாவது ஒன்று இருக்க வேண்டாமா, எல்லாருக்கும் எல்லாம் திறந்திருந்தால் வணிகத் திறனில் யார் புள்ளிகளைச் செலவழிப்பார் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொன்ன விளையாட்டு ஐஸ்லாந்தின் 'ஈவ் ஆன்லைன்'.

2003 முதல் இயங்கும் அந்த விண்வெளி உலகத்தில் நேற்று சேர்ந்தவரும் ஜிட்டா சந்தையில் சரக்கை விற்கலாம். தொடக்கத்தில் ஒருவர் ஒரே நேரத்தில் 5 கொள்முதல், விற்பனை ஆணைகளை வைத்திருக்கலாம். வணிகத் திறன்கள் நான்கையும் உச்சம்வரை பயின்றவர் 305 ஆணைகள் வைத்திருக்கலாம். கணக்கியல் திறன் விற்பனை வரியைக் குறைக்கும். தரகர் உறவுத் திறன் தரகைக் குறைக்கும். இன்னும் சில திறன்கள், தொலைதூர நிலையத்தில் இருந்தபடியே ஆணை போட இடம்தரும். ஐந்துக்கும் 305க்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. அதற்காக மாதக்கணக்கில் திறன் பயில்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சந்தையின் வாசல் யாருக்கும் மூடப்படவில்லை. 2007இல் அந்த உலகத்தின் பொருளாதாரத்தைக் கவனிப்பதற்கென்றே ஐயோல்ஃபூர் குட்முண்ட்சன் என்ற பொருளியலாளரை அதன் நிறுவனம் வேலைக்கு அமர்த்தியது. அப்படிக் கவனிக்கத் தகுந்த பொருளாதாரம் உருவானதில் திறந்த வாசலுக்கும் பங்குண்டு.

கணினிக்கு வருவதற்கு முன்பே இதற்கு எளிய விடை கிடைத்திருந்தது. 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்த 'டிராவலர்' என்ற மேசை விளையாட்டில் விண்கலம் வைத்திருக்கும் எவரும் சரக்கு வாங்கி விற்கலாம். பேரத் திறமை இல்லாதவர் தரகரை அமர்த்திக்கொள்ளலாம். தரகர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு கூலி கேட்பார். தனக்கு இல்லாத திறமையைக் கூலிக்குப் பெறுவதுதானே வணிகத்தின் ஆதாரம்? பேனர்லார்டில் பொன் குவித்த பிரபுவுக்கு அந்தத் தரகர்கூடக் கிடையாது.

செக் நாட்டில் உருவாகி 2018இல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. 1403ஆம் ஆண்டுப் பொஹீமியாவில் நடக்கும் கதை. அதன் நாயகன் ஹென்றி ஒரு கொல்லரின் மகன். தொடக்கம் முதலே அவன் எந்தக் கடையிலும் பேரம் பேசலாம். அதிகமாக இழுத்தால் கடைக்காரரின் பொறுமை குறைந்து பேச்சு முறியும்; கேட்டதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஊரில் நல்ல பெயர் வளரும். திறமை இல்லாத ஹென்றி ஏமாறுகிறான், ஏமாந்து கற்றுக்கொள்கிறான். ஒரு வணிகர் உருவாவது அப்படித்தான்.

பேனர்லார்டுக்கே திரும்பினால், திருத்தம் கடினமானதல்ல. கோட்டையை விலைக்குக் கேட்கும் உரிமையை முதலிலிருந்தே கொடுத்துவிட்டு, விலையை மலையளவு வைக்கலாம். விற்பவர் கடனில் இருக்கிறாரா, வாங்குபவரை அவருக்குப் பிடிக்குமா, அரசன் சம்மதிப்பானா என்று தடைகளை அடுக்கலாம். கொல்லுப்பட்டறையில் வாள் அடித்து விற்றே பணக்காரராகிவிடும் ஆட்டக்காரர் கோட்டைகளை வரிசையாக வாங்கிவிடுவார் என்ற பயமிருந்தால், அந்த வாள்களின் விலையைத்தான் சரிசெய்ய வேண்டும். வணிகத் திறன் 300 வரை வந்தவருக்கு அந்த மலை பாதியாகக் குறையட்டும். உழைப்புக்கு அதுவே போதுமான பரிசு.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஆறாவது விளையாட்டை பெதஸ்டா 2018 ஜூனில் அறிவித்தது. மோரோவிண்டில் இருந்த பேரத்தை அதில் மீட்டெடுக்க வேண்டும். முதல் ஊரின் முதல் கடையிலேயே, கிழிந்த சட்டையோடு நிற்கும் புதியவர் விலை கேட்கட்டும், மறுக்கப்படட்டும், நஷ்டப்படட்டும். முதலீட்டையும் அந்த முதல் கடையிலேயே திறந்துவிட வேண்டும்.