நம்மவர்தானே என்று கொடுத்த கடையறை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பிரதான வீதியில் கடையறை வைத்திருக்கும் நம்மவரிடம் வாடகை விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். வாடகை வருகிறதா என்பதை விட, கடை திரும்ப வருமா என்பதுதான் பலருடைய கவலை.

எனக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் கூட்டாளியின் மகனுக்கு வாய்ப்பேச்சிலேயே கடையறை கொடுத்தார். "நம்மட பிள்ளைதானே, எழுத்து என்னத்துக்கு?" என்றார். பத்து வருடம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு தன் மகனுக்கு வியாபாரம் தொடங்க இடம் கேட்டார். வாடகைக்காரர் எழும்ப மறுத்தார்.

கோபத்தில் ஹாஜியார் வாடகையை வாங்காமல் விட்டார். மற்றவர் சட்டத்தரணியைக் கண்டு, மாதாமாதம் நகர சபையில் பணத்தைக் கட்டினார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட இடம் அது. அங்கே கட்டினால் உரிமையாளரிடம் கட்டியதாகவே கணக்கு. வாடகை பாக்கி என்று சொல்ல வழியில்லாமல் போனது.

அடுத்துச் செய்தது அதைவிடப் பெரிய பிழை. ஓர் இரவில் புதுப் பூட்டைப் போட்டுவிட்டார். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால், இழந்த இடத்தைத் திரும்பக் கொடுக்க உத்தரவிடலாம். உறுதி யார் பெயரில் என்பது அந்த வழக்கில் பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. வாடகைக்காரர் திரும்ப உள்ளே வந்தார். இரண்டு குடும்பமும் ஒரே பள்ளிவாசலில்தான் தொழுகிறார்கள், ஸலாம் மட்டும் இல்லை.

வாடகைக்காரரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். றாக்கை அடித்தது, வாடிக்கையாளரைச் சேர்த்தது எல்லாம் அவர். எத்தனை வருடத்துக்கு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையே!

சிலர் எழுதுகிறார்கள், ஆனால் வீட்டில் ஒரு தாளில், முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருட ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் வலு இல்லை. முறையாக எழுதியவருக்கு இப்போது நல்ல வழி ஒன்று உண்டு. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறுவதற்கென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தவணை முடிந்தும் எழும்பாதவர் மீது மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடைமுறையில் வழக்குப் போடலாம். வாய்ப்பேச்சுக்காரருக்கு அந்தக் கதவு திறக்காது.

எழுதும்போது காலம், வாடகை, முற்பணம் மட்டும் போதாது. இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடலாமா, லைட் பில் யார் பெயரில், நம் மலைநாட்டு மழைக்குக் கூரை ஒழுகினால் யார் செய்வது, எல்லாம் வரட்டும். மாதாமாதம் பற்றுச்சீட்டு கொடுங்கள். தவணை முடிந்த பிறகும் பேசாமல் வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதை விடுங்கள், முடியுமுன்பே புதிதாக எழுதுங்கள்.

எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது, தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. அந்நியரோடு மட்டும் எழுதுங்கள் என்று அதில் இல்லை.

ஹாஜியாரின் வழக்கு இன்னும் தவணையில்தான் கிடக்கிறது. மகன் கொட்டகலையில் வாடகைக் கடையில் வியாபாரம் செய்கிறார். ஐந்து வருட ஒப்பந்தம், நொத்தாரிசு எழுதியது.